12 சென்ட் வளவில் மூன்று ஆடு போதுமா, ஐந்தாக்கலாமா? வீட்டுப் பஞ்சாயத்து

கரிசல்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு ஒரு பஞ்சாயத்தோடு வந்திருக்கிறேன், நியாயம் சொல்லுங்கள்.

கோவில்பட்டிக்குத் தெற்கே சின்ன ஊர். வீடு போக வளவு 12 சென்ட் தேறும். மூன்று பெட்டை இருக்கிறது, மூன்றும் கன்னி ஆடு. இரண்டு பால்கன்னி, ஒன்று செங்கன்னி. (தெரியாதவர்களுக்கு: கறுப்பு உடம்பு, முகத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி, கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி.) ஒன்று குட்டி போட்டு ஒரு மாதம் ஆகிறது, இரட்டை. இன்னொன்று நிறைசினை. கிடா வளர்க்கவில்லை, பக்கத்துத் தெருவில் ஒருவர் வைத்திருக்கிறார், பருவத்துக்குக் கத்தும்போது அங்கே கூட்டிப்போவோம்.

தோட்டம் என்று பெரிதாக இல்லை. கத்தரி, வெண்டை, பந்தலில் பீர்க்கு, வேலி ஓரமாக அவரை, கிணற்றடியில் நாலு வாழை, இரண்டு முருங்கை. சுற்றிலும் அகத்தியும் கிளைரிசிடியாவும். வீட்டுக்குக் காய் வாங்குவது உருளைக்கிழங்கும் கேரட்டும்தான்.

வேலை எப்படிப் போகிறது என்றால்: விடிந்ததும் அத்தை (மாமியார்) கொட்டகையைக் கூட்டிப் புழுக்கையை அள்ளிக் குழியில் போடுவார். நான் தழை ஒடித்துக் கட்டித் தொங்கவிடுவேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பிய பிறகு செடிக்குத் தண்ணீர். வெயில் தாழ்ந்ததும் அத்தை கண்மாய்க் கரைக்கு ஓட்டிப் போய் வருவார். மகள் ஏழாவது படிக்கிறாள், குட்டிகள் அவள் பொறுப்பு. பையன் சின்னவன், தண்ணீர்த் தொட்டியில் விளையாடுவதுதான் அவன் வேலை.

இப்போது வீட்டுக்காரர், எட்டயபுரம் சந்தையில் இன்னும் இரண்டு பெட்டை வாங்கிப் போட்டால் பிள்ளைகள் படிப்புக்கு ஆகும் என்கிறார். கொட்டகையில் இடம் இருக்கிறது, மூன்றுக்குப் பார்க்கிற வேலையோடு ஐந்துக்கும் பார்த்துவிடலாமே என்பது அவர் வாதம். நான் வேண்டாம் என்கிறேன். ஏன் என்று கேட்டால் எனக்குக் கணக்காகச் சொல்லத் தெரியவில்லை. சித்திரை, வைகாசியில் தழைக்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும், அவ்வளவுதான். கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சந்தைக்கடை எழுதியது:

அம்மா, சந்தைக்குள்ளேயே வளர்ந்தவன் சொல்கிறேன், வாங்கிப் போடுங்கள். எட்டயபுரம் சனிக்கிழமை, மேலப்பாளையம் செவ்வாய், அய்யலூர் வியாழன், எங்கே போனாலும் இன்றைக்குக் கன்னி ஆட்டுக்கும் கொடி ஆட்டுக்கும் மதிப்பு இருக்கிறது. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முன்னால் கிடாக்குட்டி கேட்டு வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். பெட்டை ஈன்றால் பெரும்பாலும் இரண்டு. சினைக்காலம் ஐந்து மாதம். இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம். ஐந்து பெட்டைக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

பழைய ஆய்வாளர் எழுதியது:

சந்தைக்கடை தம்பி சொன்ன பெருக்கல் காகிதத்தில் சரி. 5 பெட்டை, 3 ஈற்று, ஈற்றுக்கு 2 என்றால் இரண்டு வருடத்தில் 30 குட்டி. நான் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்த காலத்தில் கொல்லைப்புற வளர்ப்பில் இந்தக் கணக்கு அப்படியே பலித்த வீடு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஒற்றைக் குட்டி போடும், பருவம் தவறும், மழைக்காலத்தில் கழிச்சல் வந்து ஒன்றிரண்டு போகும்.

மேடம் கணக்குக் கேட்டார்கள், தருகிறேன். வளர்ந்த ஆடு ஒன்றுக்கு ஒரு நாளைக்குப் பசுந்தீவனம் 3 முதல் 4 கிலோ வேண்டும். சினை ஆட்டுக்கும் பால் கொடுக்கிற ஆட்டுக்கும் அதற்குமேல் 200, 250 கிராம் அடர்தீவனம். ஐந்து பெட்டைக்கே 15 முதல் 20 கிலோ தழை, வளரும் குட்டிகளுக்குத் தனி.

இது எங்கிருந்து வரும்? கோ-4 கம்பு நேப்பியர் புல் ஹெக்டேருக்கு வருடம் 375 முதல் 400 டன் தரும் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் சென்ட்டுக்கு நாளைக்கு 4 கிலோ சொச்சம். அதாவது நல்ல தண்ணீர், நல்ல உரம், தவறாத அறுப்பு எல்லாம் அமைந்தால், ஒரு சென்ட் புல் ஒரு ஆட்டுக்கு. உங்கள் கரிசலில் கோடையில் கிணறு என்ன பாடு படும் என்று உங்களுக்கே தெரியும், அப்போது பாதி வந்தால் பெரிது. வேலிமசால் என்கிற பயறுவகைத் தீவனப்பயிர் சத்தில் உசத்தி, எடையில் புல்லுக்கு மூன்றில் ஒரு பங்குதான் வரும்.

ஆகவே கொட்டகையில் இடம் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. பெட்டைக்கு 10 சதுர அடி என்றால் ஒரு சின்ன அறையில் பத்து ஆடு நிற்கும். வைகாசி மாதத்து வேலியில் எத்தனை கட்டுத் தழை இருக்கிறதோ, அத்தனை ஆடுதான் உங்களுடையது. ஐப்பசியில் வேலியைப் பார்த்து ஆடு வாங்குகிறவர்கள்தான் அடுத்த கோடையில் பாதி விலைக்கு விற்கிறார்கள்.

கரிசல்காரி எழுதியது:

ஐயா, இதைத்தான் என் வாயால் சொல்லத் தெரியாமல் தவித்தேன். இன்று ராத்திரியே வாசித்துக் காட்டுகிறேன்.

மாடித்தோட்டம் மடிப்பாக்கம் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆட்டுப் புழுக்கை மூட்டை மூட்டையாகக் குழியில் போடுகிறீர்களா! இங்கே நாங்கள் ஒரு பைக்கு அலைகிறோம். அப்படியே நேராகச் செடிக்குப் போட்டால் என்ன?

கரிசல்காரி எழுதியது:

போடலாம், சூட்டில் கத்தரி இலை கருகும், அது ஒன்று. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய காரணம் சீமைக்கருவேலம். ஆடு அந்த நெற்றை விரும்பித் தின்னும். இனிப்பாக இருக்கும் போல. உள்ளே இருக்கிற விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்துவிடும். வயிற்றுக்குள் போய் வந்த விதை, சும்மா கிடக்கிற விதையைவிடச் சுறுசுறுப்பாக முளைக்கும். எதிர்வீட்டில் பச்சைப் புழுக்கையை வெண்டைப் பாத்தியில் கொட்டினார்கள், ஒரு மழைக்குப் பிறகு வெண்டைக்கு நடுவே கருவேல நாற்றங்கால்தான். ஆணிவேர் சர்ரென்று இறங்கிவிடும், சின்னதிலேயே பிடுங்காவிட்டால் கடப்பாரைதான்.

அதனால் குழியில் போட்டு, வீட்டுக் குப்பை, வாழைமட்டை, ஆடு கழித்த குச்சி எல்லாம் சேர்த்து, தண்ணீர் தெளித்து, நடுவில் ஒருமுறை கிளறிவிட்டு, சூடு அடங்கிய பிறகுதான் எடுப்போம். மூன்று நான்கு மாதம் பிடிக்கும். கையில் எடுத்தால் புழுக்கை உருண்டை தெரியக்கூடாது, மண்வாசனை வர வேண்டும். அத்தை அதைப் பிசைந்து பார்த்துத்தான் அனுமதி தருவார்.

சென்னிமலை எழுதியது:

'ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறு வருடம்' என்று எங்க ஐயன் சொல்வாருங்க. ஆட்டு எருவில் தழைச்சத்தே 3 சதவீதம் இருக்கும், மாட்டுச் சாணம் பக்கத்தில் வராது. நாலு வாழைக்கும் இரண்டு முருங்கைக்கும் மூன்று ஆட்டு எரு தாராளம்.

எண்ணிக்கை விஷயத்தில் நான் ஒன்று கேட்கிறேன். ராத்திரி எங்கே அடைக்கிறீங்க? எங்க பக்கம் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை எல்லாம் இப்போது ஆட்டுக்காரனுக்கு எமன் தெருநாய்தான். பட்டிக்குள் கூட்டமாகப் புகுந்து ஒரே ராத்திரியில் பத்துப் பதினைந்து உருப்படியைக் கடித்துப் போட்டுவிடுகிறது. தின்பதுகூட இல்லை, கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும். இழப்பீடு கேட்டு ரோட்டில் உட்காருகிற அளவுக்குப் போய்விட்டது. இரண்டு உருப்படி அதிகமாக வாங்குகிற காசில் கொட்டகைக்கு நாலு பக்கமும் கம்பிவலை அடித்துவிடுங்க. கீழே ஒரு முழம் கட்டுச்சுவர் இல்லையென்றால் நாய் தோண்டிக்கொண்டு வரும்.

கரிசல்காரன் எழுதியது:

வணக்கம். மேலே என்னைப் பற்றிப் பஞ்சாயத்து நடக்கிறது என்று கேள்விப்பட்டு நானும் ஒரு கணக்குத் தொடங்கி வந்திருக்கிறேன். என் தரப்பையும் கேளுங்கள்.

நான் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன், பழைய ஆய்வாளர் ஐயாவின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் தழை வளவிலிருந்து மட்டுமே வர வேண்டும் என்று யார் சொன்னது? கண்மாய்க் கரை இருக்கிறது. அறுப்பு முடிந்த காடு இருக்கிறது. கடலைக்கொடி வாங்கி அடுக்கலாம். மில்லில் உளுந்தம்பொட்டு, துவரம்பொட்டு கிடைக்கும். எங்கள் தாத்தா 40 உருப்படி வைத்திருந்தார், அவருக்கு வளவே கிடையாது.

நாலாடு எழுதியது:

சகோ, உங்கள் தாத்தா ஆட்டோடு காட்டில் இருந்தார். உங்கள் வீட்டில் காட்டுக்குப் போகிறவர் யார்? உங்கள் மனைவி எழுதியதைத் திரும்பப் படியுங்கள். கூட்டுவது அம்மா, ஒடிப்பது மனைவி, மேய்ப்பது அம்மா, குட்டி பார்ப்பது மகள். 'பார்த்துவிடலாமே' என்று சொல்கிறவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையே.

கோபப்பட வேண்டாம். என் வீட்டுக் கதையிலிருந்துதான் கேட்கிறேன். 2011-ல் விலையில்லா ஆடு திட்டம் வந்தபோது எங்கள் அம்மாவுக்கு நாலு ஆடு கிடைத்தது. எனக்கு இந்தப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்த நாலில் தொடங்கி, என் பாலிடெக்னிக் ஃபீஸ் முழுக்க ஆட்டுக்காசு. அதை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்த வருடங்களில் அம்மா ஒரு கல்யாண வீட்டில் ராத்திரி தங்கியதில்லை. சித்தி மகள் வளைகாப்புக்குப் போய் பந்தியில் பாதியில் எழுந்து பஸ் பிடித்து வந்தார், ஆடு கத்தும் என்று. பன்னிரண்டுக்கு மேல் ஏறவிடாமல் நிறுத்தியதும் அவர்தான். எத்தனை ஆடு என்பதை ஒடிக்கிற கை சொல்லட்டும், எண்ணுகிற கை சொல்ல வேண்டாம்.

சந்தைக்கடை எழுதியது:

நாலாடு தம்பி போட்ட போட்டில் கரிசல்காரன் அண்ணாச்சி ஆளையே காணோம்!

கரிசல்காரன் எழுதியது:

இருக்கிறேன், இருக்கிறேன். சொன்னது உறைத்தது. ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. ஒரு ஆளுக்கு மூன்றுக்கு ஒடிக்க முக்கால் மணி நேரம் என்றால் ஐந்துக்கு ஒரு மணிக்குச் சற்று மேல். அதற்கு நான் ஏற்பாடு செய்துகொள்கிறேன் என்றால் அப்போதும் மறுப்பு உண்டா?

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் வளவுக்குள்ளே ஆடு வளர்ப்பது பரம்பரைப் பழக்கம், ஆனால் மேய்ச்சலுக்கு விடுவது குறைவு. கட்டி வைத்துக் குழை போடுவோம். வேலி முழுக்கப் பூவரசும் சீமைக்கிளுவையும் முள்முருக்கும், கொக்கத்தடியால் கொத்துக் கொத்தாக முறிப்பது. வேலி எல்லைக்கு எல்லையும் ஆச்சு, ஆட்டுக்குச் சாப்பாடும் ஆச்சு.

அந்த அண்ணன் கேட்ட நேரக் கணக்குக்கு ஒரு பதில். குழை முறிக்கிற நேரம் கூடுவது பெரிய விஷயம் இல்லை. முறித்த கதியால் (வேலிக்கு நட்ட தடி) திரும்பத் தளிர்க்கிற நேரம்தான் விஷயம். அதைக் கேட்டுத்தான் ஆட்டைக் கூட்டலாம். வேலியை நாலாகப் பிரித்து முறை வைத்து வெட்டுங்கோ. முதல் பங்குக்குத் திரும்பி வரும்போது குழை கையளவு நீளத்துக்கு வந்திருந்தால் உங்களுக்குத் தீவனம் மிச்சம். வெறும் தளிராக நின்றால் இருக்கிற ஆடே அதிகம்.

அப்புறம் பலாமரம் இருந்தால் விழுகிற இலையைக் கூட்டி எரிக்க வேண்டாம். எங்கட வீடுகளில் குத்தூசி என்று ஒன்று இருக்கும். நீளக் கம்பி, ஒரு நுனி கூர், மறு நுனியில் கயிறு. சின்னப்பிள்ளைகள் காலையில் அதைக் கொண்டு முற்றத்தில் விழுந்த பலா இலைகளை ஒவ்வொன்றாகக் குத்திக் குத்திக் கோர்த்து, கயிறு நிறைய மாலை போல் கொண்டுவந்து ஆட்டுக்குப் போடுவார்கள். குனியத் தேவையில்லை. உங்கட மகன் தண்ணீர்த் தொட்டியை விட்டுவிடுவான்!

கரிசல்காரி எழுதியது:

அண்ணா, இங்கே கரிசலில் பலாவுக்கு எங்கே போவது! பூவரசு இலைக்கு அந்த ஊசி சரிப்படுமா என்று பார்க்கிறேன். பையனிடம் சொன்னதும் சைக்கிள் கம்பியைத் தேடிக் கிளம்பிவிட்டான்.

இன்னொரு பிரச்சினை, இது எண்ணிக்கை விஷயம் இல்லை. ஒரு மாதக் குட்டி இரண்டில் ஒன்று கிடா. மகள் அதற்கு மின்னல் என்று பேர் வைத்திருக்கிறாள். 'விற்கிற உருப்படிக்குப் பேர் வைக்காதே' என்று அத்தை முதல் நாளே சத்தம் போட்டார், கேட்கவில்லை. போன ஈற்றில் வந்த கிடாவை அத்தை சுடலைமாடன் கொடைக்கு நேர்ந்துவிட்டார், அப்போது இவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இதையும் ஆறேழு மாதத்தில் விற்கத்தான் வேண்டும். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சென்னிமலை எழுதியது:

எங்க வீட்டில் பிள்ளைகளை வியாபாரம் பேசும்போது பக்கத்திலேயே உட்கார வைப்பேனுங்க. மறைத்துப் பள்ளிக்கூடம் போன நேரத்தில் விற்றால்தான் அவர்களுக்கு ரொம்ப வலிக்கும், பிறகு நம்மை நம்பவும் மாட்டார்கள்.

வடமராட்சி எழுதியது:

எங்கட அம்மம்மா பிள்ளைக்கு ஒரு மறிக்குட்டியை (பெட்டைக்குட்டி) 'இது உன்ர' என்று எழுதாத உறுதியாகக் கொடுத்துவிடுவா. அந்த ஆடு விற்கப்படாது. அதின்ர கிடாய்க்குட்டிகள் விற்கலாம், காசு பிள்ளையின்ர புத்தகத்தில் போகும். பெட்டை இருக்கும், கிடாய் போகும் என்பது பிள்ளைக்குத் தானாகவே பிடிபட்டுவிடும். மின்னலுக்கு இது பிந்திவிட்டது, ஆனால் கூடப் பிறந்த மறிக்குட்டியை மகளுக்குக் கொடுத்துப் பாருங்கோ.

நாலாடு எழுதியது:

பிந்திவிட்டது என்பதுதான் சரி. சில அழுகைக்கு உபாயம் கிடையாது. அழட்டும், விட்டுவிடுங்கள்.

பழைய ஆய்வாளர் எழுதியது:

உணர்ச்சி விஷயத்தில் நான் தலையிடவில்லை. அந்தக் குட்டி உயிரோடு இருந்தால்தான் இந்தப் பேச்சே. மழைக்காலம் வரப்போகிறது, சிலது சொல்லிவிடுகிறேன்.

துள்ளுமாரிக்கு வருடம் ஒருமுறை, மழைக்கு முன்னால் தடுப்பூசி. மழைக்குப் பிறகு இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த நல்ல கொழுத்த குட்டிதான் காலையில் துள்ளி விழுந்து செத்துக்கிடக்கும், நோஞ்சான் இல்லை. ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று நான்கு மாத வயதில் போட்டுவிட்டால் மூன்று வருடம் தாங்கும். குடற்புழு மருந்தை மாதாமாதம் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாதீர்கள். கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். வெளிறிப் போயிருந்தால் வயிற்றில் ரத்தம் குடிக்கிற முறுக்குப்புழு இருக்கிறது, உடனே கொடுக்க வேண்டும். மழையில் ஈரப்புல்லின் நுனியில்தான் அந்தப் புழுக்குஞ்சு ஏறி இருக்கும், பனி காய்ந்த பிறகு மேய விடுங்கள். தொங்கவிட்ட தழை தின்கிற ஆட்டுக்குப் புழுத்தொல்லை குறைவு. மேடம் செய்கிற காரியத்தில் ரொம்பச் சரியான காரியம் அதுதான்.

நிறைசினை ஆடு ஈன்றதும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். இளங்கொடி விழக் காத்திருக்கத் தேவையில்லை. இளங்கொடியை வெறுங்கையால் தொடாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள், நாய் இழுக்கவிடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பக்கம் வரவே வேண்டாம். பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, உங்கள் மாமியார் போன்ற பெரியவர்களுக்கு: விருந்து மிச்சம் சோற்றை ஆட்டுக்கு வைக்காதீர்கள். பொங்கல் மறுநாள் மருந்தகத்தில் எங்களுக்கு இதே வேலைதான். சட்டி நிறையச் சோறோ பச்சரிசியோ தின்ற ஆடு அசை போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும், வயிற்றுக்குள் புளித்து அமிலமாகிவிட்டது என்று அர்த்தம். ஆப்பசோடா கரைத்துக் கொடுப்பது முதலுதவிதான். அதுவும் ஆடு நிற்கும்போது, தலையை ரொம்பத் தூக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக. படுத்துக்கிடக்கிற ஆட்டுக்கு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். மருந்தகத்துக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் 1962-க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

மாடித்தோட்டம் மடிப்பாக்கம் எழுதியது:

இவ்வளவு இருக்கிறதா இதில்! நான் புழுக்கை வாங்குவதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு சந்தேகம், ஆடு எந்த இலையையும் தின்னும் என்கிறார்களே, பிறகு எதற்கு வேலி பார்த்து வெட்ட வேண்டும்?

சென்னிமலை எழுதியது:

எதிலும் வாய் வைக்கும், எல்லாம் ஒத்துக்காதுங்க. அரளி கொஞ்சம் போனாலே ஆள் காலி. மழையில்லாமல் சுணங்கி நிற்கிற இளம் சோளப்பயிர், மரவள்ளி இலை இரண்டிலும் சயனைடு விஷம் இருக்கும். எங்க ஊரில் சோளக்காட்டுக்குள் புகுந்த ஆட்டை விரட்டுவது பயிருக்காக மட்டும் இல்லை. சூபாபுல் (சவுண்டல்) தழையும் அளவுதான், தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் முடி கொட்டும்.

கரிசல்காரி எழுதியது:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். வீட்டில் பேசி முடித்தாயிற்று.

வடமராட்சி அண்ணன் சொன்னபடி வேலியை நாலு பங்காகச் சாக்குக்கயிறு கட்டிப் பிரித்தோம். அளந்தது வீட்டுக்காரர், ஒடிக்கிறதும் இனிமேல் காலையில் அவர். இரண்டாம் நாளே முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அகத்தியின் உச்சிக்கொத்து எட்டாது, வளைத்தால் சடக்கென்று முறிந்து தலையில் விழும். அதற்கென்று ஒரு பக்குவம் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தேன், கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் சந்தைப் பேச்சை அவரே எடுக்கவில்லை.

இப்போதைக்கு வெளியே இருந்து உருப்படி வாங்குவதில்லை. மின்னல் கூடப் பிறந்த பெட்டைக்குட்டியை வைத்துக்கொள்கிறோம், அது மகளுக்கு. கிணற்றுக்கு மேற்கே வெண்டை முடிந்த இடம் ஒரு சென்ட் காலியாக இருக்கிறது, அங்கே வேலிமசால் போடப்போகிறோம். அத்தைக்கு மட்டும் அதில் மனசில்லை, அந்த இடத்தில் மிளகாய் போட்டால் வருடம் முழுக்க வற்றல் ஆகும் என்கிறார். அது தனிப் பஞ்சாயத்து. வேலிமசால் விதை கிடைத்துவிட்டது, கல் மாதிரி கடினமாக இருக்கிறது. அப்படியே விதைக்கலாமா?

பழைய ஆய்வாளர் எழுதியது:

அப்படியே போட்டால் பத்தில் இரண்டு மூன்றுதான் முளைக்கும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதையை நாலைந்து நிமிடம் போட்டு எடுங்கள். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் வெந்துவிடும். பிறகு பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் நிழலில் உலர்த்தி விதையுங்கள். வரிசையில் மெல்லிய கோடு கிழித்துத் தூவி மண் மூடினால் போதும், ஆழம் வேண்டாம். முதல் அறுப்பு மூன்று மாதத்தில், அதற்குப் பிறகு நாற்பது நாளுக்கு ஒருமுறை. ஆடு முளைப்பருவத்தில் ஒரு தடவை உள்ளே புகுந்தால் எல்லாம் போச்சு, முதலில் முள் அடையுங்கள்.

சந்தைக்கடை எழுதியது:

சரி, என் பேச்சை யாரும் கேட்கவில்லை, பரவாயில்லை. அந்த மின்னலை விற்கும்போது முதலில் எனக்குச் சொல்லுங்கள். நல்ல விலை தருகிறேன்.

கரிசல்காரி எழுதியது:

சொல்கிறேன் அண்ணாச்சி. ஆனால் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துக் கைமதிப்பில் விலை சொல்கிற கதை எங்கள் வீட்டில் நடக்காது. தராசில் நிறுத்தி, உயிர் எடைக்குத்தான் பேச்சு. பேரம் பேசப்போவது மகள். இப்போதே சொல்லிவிட்டேன்.

சந்தைக்கடை எழுதியது:

ஏழாவது படிக்கிற பிள்ளையா? அப்படியென்றால் நான் எங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.